பாலைவன ஒற்றையடிப் பாதையும் டர்ட் பைக்கின் பின்சக்கரமும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே கண் விரியும். ஊரை ஒட்டிய மேட்டில் 'ஸ்லிக்ராக்' என்ற பாதை. நவஹோ மணற்பாறையின் மொட்டை முதுகுகள்மீது வெள்ளைக் குறிகளைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும், 16 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வளையம். உலகின் பல மூலைகளிலிருந்து சைக்கிள்காரர்கள் தேடி வரும் இந்தப் பாதையை 1969இல் குறித்ததே மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகத்தான். மலைச் சைக்கிள் என்ற பண்டம் அப்போது கடைகளில் கிடையாது. இன்றும் இரண்டு வண்டிகளுக்கும் அங்கே அனுமதி உண்டு. பாறைமேல் ஆங்காங்கே கறுப்பு ரப்பர் கோடுகள் தெரியும், மற்றபடி யாரும் யார் பாதையையும் கெடுத்ததாகச் சொல்ல முடியாது.

அதே இரண்டு வண்டிகளையும் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, மணல் படிந்த ஒற்றையடிப் பாதையில் விட்டால் கதை வேறு. சில பருவங்களிலேயே ஏற்றங்கள் வாய்க்காலாகக் குழிந்துவிடும். வளைவுகள் அகன்றுவிடும். சமமாக இருந்த தரை அலை அலையாக மேடு பள்ளம் ஆகிவிடும். மோட்டார் சைக்கிள்காரர் அதில் சிரித்துக்கொண்டே போவார், சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். யூட்டா, அரிசோனா, நெவாடா, கலிஃபோர்னியா, கொலராடோவின் மேற்கு ஓரம் என்று அமெரிக்கத் தென்மேற்குப் பாலை நிலம் முழுக்க இந்தச் சச்சரவு உண்டு.

வண்டி கனம், அதனால் பாதை கெடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது அரைகுறையான பதில். ஒரு பாதையை யார் யார் பயன்படுத்தினாலும், அவர்களில் யார் கையில் அதிக விசை இருக்கிறதோ அவருக்கு ஏற்றபடிதான் பாதை கடைசியில் உருவம் எடுக்கும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

எடை இரண்டு மடங்கு, திறன் நூறு மடங்கு

காட்டுப் பாதைகளில் ஓட்டும் 250 சிசி டர்ட் பைக் ஒன்று, பெட்ரோல் நிரப்பிய நிலையில், ஏறக்குறைய 105 முதல் 115 கிலோ இருக்கும். மலைச் சைக்கிள் 12 முதல் 16 கிலோ. இரண்டின் மேலும் பாதுகாப்புக் கவசம் அணிந்த 80 கிலோ ஆளை உட்கார வையுங்கள். ஒரு பக்கம் 190 கிலோ, இன்னொரு பக்கம் 95 கிலோ. வித்தியாசம் இரண்டு மடங்குதான். மோட்டார் சைக்கிளின் பின் டயர் 10 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், சைக்கிள் டயர் அதில் பாதி. டர்ட் பைக் டயரில் அடிக்கும் காற்றழுத்தமோ சைக்கிளைவிடக் குறைவு. வண்டியை அப்படியே நிறுத்தி வைத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மண் தாங்கும் அழுத்தத்தில் பெரிய வேறுபாடு இருக்காது.

திறனைக் கணக்கிட்டால்தான் தலை சுற்றும். நன்றாகப் பயிற்சி செய்த சைக்கிள்காரர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் மிதித்தால் 250 வாட் கொடுப்பார். 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 30 கிலோவாட்டை ஒட்டிக் கொடுக்கும். நூறு மடங்குக்கும் மேல். அத்தனையும் பின்சக்கரம் ஒன்றின் வழியாக, விரல் தடிமனுள்ள ரப்பர் பற்களின் வழியாக மண்ணுக்குப் போகிறது.

செங்குத்தான ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தளர்ந்த மண். சைக்கிளின் பின்சக்கரம் வழுக்கினால் என்ன ஆகும்? வண்டி நின்றுவிடும். ஓட்டுபவர் காலை ஊன்றுவார், திட்டிக்கொண்டே தள்ளிப் போவார். அவர் செய்யக்கூடிய சேதத்துக்கு அவர் தொடையே எல்லை போட்டுவிடுகிறது. மோட்டார் சைக்கிள் வழுக்கினால் வலது மணிக்கட்டு தானாகவே இன்னும் கொஞ்சம் முறுக்கும். சக்கரம் சுழன்றபடியே மண்ணை வாரிப் பின்னால் வீசி, கெட்டியான அடுக்கு அகப்படும்வரை தோண்டி, வண்டியை மேலே ஏற்றிவிடும். அடுத்து வருபவர் அந்தக் குழியில் தொடங்கி இன்னும் கொஞ்சம் தோண்டுவார். மொன்டானாவில் வீவர், டேல் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வில் இதன் தடயம் தெளிவாக இருக்கிறது. மனிதக் காலும் குதிரைக் குளம்பும் இறக்கத்தில்தான் அதிகம் சேதப்படுத்தின, மோட்டார் சைக்கிள் ஏற்றத்தில். எடை மட்டுமே காரணமாக இருந்தால் எல்லாமே இறக்கத்தில் அல்லவா மோசமாக இருக்க வேண்டும்?

சைக்கிள்காரர்களும் சாமியார்கள் இல்லை. பின் பிரேக்கைப் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்குபவர் ஏற்படுத்தும் பள்ளம் எந்த மலைச் சைக்கிள் பாதையிலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பள்ளத்துக்கான ஆற்றலை அவர் ஏறும்போது தன் காலாலேயே சம்பாதித்திருக்க வேண்டும். அந்த வரவு செலவு சிறியது.

குழியும் அலையும்

தோண்டிய குழி எப்படி இருக்கும் என்பதும் முக்கியம். ஏற்றத்தில் உருவாகும் தடம் ஒடுங்கிய வாய்க்கால் மாதிரியே அமையும்: அகலம் குறைவு, சுவர் செங்குத்து. மோட்டார் சைக்கிளின் கால் வைக்கும் கட்டை தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் இது அவருக்குத் தொல்லையே இல்லை. சைக்கிளின் பெடலோ ஒவ்வொரு சுற்றிலும் தரைக்கு ஒரு சாண் உயரம்கூட இல்லாத அளவுக்கு இறங்கி வரும். பள்ளத்தின் சுவர் அந்த உயரத்தைத் தாண்டிய கணமே மிதிக்க முடியாது, பெடல் இருபுறமும் இடிக்கும். பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் பள்ளம் ஒருவருக்குத் தடமாகவும் இன்னொருவருக்கு முட்டுக்கட்டையாகவும் ஆவது இப்படித்தான்.

அடுத்தது 'வூப்ஸ்'. பாலைவனப் பாதைகளில் ஓட்டியவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள் (டர்ட் பைக்காரர்களில் பாதிப் பேருக்கு மட்டும் முகம் மலரும்). வரிசையாக, ஏறக்குறையச் சம இடைவெளியில், மணலில் எழும் மேடுகள். இதை யாரும் வெட்டி வைப்பதில்லை, தானாக உருவாகிறது. தரையில் எங்கோ ஒரு சிறு புடைப்பு இருந்தால் போதும். வேகமாக வரும் சக்கரம் அதில் ஏறித் துள்ளும், சஸ்பென்ஷன் அதைத் திரும்பக் கீழே தள்ளும், சக்கரம் விழுந்த இடத்தில் மண்ணைக் கடித்துப் பின்னால் எறியும். அங்கே பள்ளம், அதை அடுத்து மேடு. அடுத்த வண்டி அதே மேட்டில் துள்ளி அதே பள்ளத்தில் விழும். நூறு வண்டிகள் போனபின் அந்த அலை பாதை நெடுகப் பரவியிருக்கும்.

அலைகளின் இடைவெளி எதற்கு ஏற்றபடி அமைகிறது என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளின் வேகத்துக்கும் அதன் சஸ்பென்ஷனுக்கும். டர்ட் பைக்கின் சஸ்பென்ஷன் 30 சென்டிமீட்டர்வரை அமுங்கும். வேகம் பிடித்தால் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு மிதந்து போகலாம். 12 முதல் 16 சென்டிமீட்டர் சஸ்பென்ஷனோடு, மணிக்கு 15 கிலோமீட்டரில் வரும் சைக்கிள்காரர் ஒவ்வொரு பள்ளத்திலும் முழுவதுமாக இறங்கி ஏற வேண்டும். பள்ளத்துக்குள் மிதிக்கவும் வழியில்லை, வேகம் எடுக்கவும் வழியில்லை. ஒரு கிலோமீட்டர் வூப்ஸ் என்பது சைக்கிளுக்கு ஒரு சிறு மலை ஏற்றத்தின் செலவு, மலை உச்சியில் கிடைக்கும் காட்சி மட்டும் இல்லாமல்.

அப்போது சைக்கிள்காரர் என்ன செய்வார்? ஓரமாக ஒதுங்கிப் புதுத் தடம் போடுவார். பாதை அகலும் கதையில் அவர் பங்கும் உண்டு என்பதைச் சைக்கிள் சங்கங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. அரை மீட்டர் அகலத்தில் புதர்களுக்கிடையே நெளிந்து போன பாதை, இரண்டு பக்கமும் ஒதுங்கி ஒதுங்கி, இணை கோடுகளாகப் பிரிந்து, கடைசியில் ஜீப் சாலை அகலத்துக்கு வந்து நிற்கும்.

வளைவுகளில் நடப்பதும் இதற்கு உறவுதான். வெளி ஓரத்தில் மண் குவிந்து திண்டாகும், உள்ளே தரை பள்ளமாகும். திண்டு கெட்டியாக இருக்கும்வரை சைக்கிள்காரர்களுக்கும் அது விருந்து. ஈரம் வற்றினால் அதே இடம் பவுடர் மாதிரி பொடிந்து, முன்சக்கரத்தைப் பிடுங்கிவிடும்.

பாலை மண்ணின் மேல்தோல்

இதுவரை சொன்னது பாதைக்குள் நடப்பது. பாதையை விட்டு ஒரு மீட்டர் விலகினால் அங்கே வேறொரு பிரச்சினை காத்திருக்கிறது, என் கணக்கில் அதுதான் பெரியது.

கொலராடோ பீடபூமியின் மண்ணைக் குனிந்து பார்த்தால், புதர்களுக்கு இடையே கறுத்து, சிறு சிறு கோபுரங்களாகக் கரடுமுரடாக இருக்கும். காய்ந்த அழுக்கு போலத் தெரியும் அது உயிருள்ள படலம். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன், மாஸ் என்ற குட்டிப் பாசிச்செடி எல்லாம் சேர்ந்து குடியிருக்கும் இடம். மைக்ரோகோலியஸ் என்ற சயனோபாக்டீரியா ஈரம் பட்டதும் இழை இழையாக நகரும். நகரும்போது பசையுள்ள உறையைப் பின்னால் விட்டுச் செல்லும். அந்த உறைகள் தையல் நூல்போல மணல் துகள்களைக் கோத்துப் பிடித்து வைக்கின்றன. காற்று வீசினாலும் மண் பறக்காததற்கு இந்தத் தையல்தான் காரணம். படலத்தில் உள்ள சில உயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. சத்து குறைந்த பாலை மண்ணில் செடிகளுக்கு அது பெரிய வரவு. இந்தப் படலத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பங்கு, மோவாபில் இருந்து பல பத்தாண்டுகள் வேலை செய்த அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி ஜெய்ன் பெல்நாப் கொடுத்தது.

இந்தப் படலம் அழுத்தத்தைத் தாங்காது. காய்ந்திருக்கும்போது மணற்பாங்கான இடத்தில் ஒரே ஒரு முறை மிதித்தாலே நொறுங்கும். காலடியும் நொறுக்கும், சைக்கிளும் நொறுக்கும், மாட்டுக் குளம்பு அதைவிட நன்றாகவே நொறுக்கும். அப்படியானால் சக்கரத்தில் என்ன விசேஷம்? காலடிகள் இடைவெளி விட்டு விழும். சக்கரத் தடம் அறுபடாத கோடு. சரிவில் அறுபடாத கோடு என்றால் தண்ணீருக்கு வாய்க்கால் என்று பொருள். பாலைவனத்தில் மழை அரிதாக வரும், வரும்போது கொட்டித் தீர்க்கும். அந்த வெள்ளம் கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும், ஓடும் வழியில் ஆழமாக்கும். அதில் மோட்டார் சைக்கிளின் பங்கு இரண்டு விதம்: சுழலும் சக்கரம் படலத்தை நொறுக்குவதோடு நில்லாமல் உரித்து எறிகிறது, தவிர ஒரு மதிய நேரத்தில் ஒருவர் கடக்கும் தூரம் சைக்கிள்காரரைப்போலப் பல மடங்கு.

மீண்டு வர எவ்வளவு காலம் பிடிக்கும்? சயனோபாக்டீரியா சில ஆண்டுகளிலிருந்து சில பத்தாண்டுகளில் திரும்பலாம். லைக்கனும் மாஸும் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள், வறண்ட இடங்களில் நூற்றாண்டுகள்கூட ஆகும். மண் இறுகியது தளர்வதும் அப்படியே. மோஹாவி பாலைவனத்தில் கைவிடப்பட்ட சுரங்க ஊர்களின் தெருக்களில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, இறுகிய மண் முழுதாகத் தளர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகும் என்று கணக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை, ஜெனரல் பேட்டன் தொடங்கிவைத்த பாலைவனப் பயிற்சி மையத்தில் டாங்கிகள் ஓடிய தடங்களை இன்றும் மோஹாவியில் பார்க்கலாம்.

ஈரமான காட்டில் ஒரு தடத்தை விட்டுவிட்டால் ஓரிரு பருவத்தில் புல்லும் இலைக்குப்பையும் மூடிவிடும். பாலைவனத்தில் மூட ஆளில்லை. தெரியும் தடத்தில் இன்னொருவர் போவார், ஏனென்றால் அது பாதை மாதிரி இருக்கிறது. மூன்றாமவர் வரும்போது அது பாதையாகவே ஆகிவிட்டிருக்கும். முதல் வண்டி போகாமல் தடுப்பதுதான் இங்கே எல்லாவற்றையும்விட மலிவான பராமரிப்பு.

கோட்டுக்கு வெளியே

இதன் உச்சகட்ட உதாரணம் கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகஸ் நோக்கி நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயம். 1967இல் தொடங்கியது. வெட்டவெளியில் ஒரே நீண்ட வரிசையாக நின்று, சமிக்ஞை கிடைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். 1974இல் ஏறக்குறைய 3,000 வண்டிகள். நாட்டின் பொது நிலங்களில் கணிசமான பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நில மேலாண்மை அமைப்பு, அதாவது பி.எல்.எம்., அந்தப் பந்தயத்தின் விளைவுகளை ஆராய்ந்தது. அதன்பின் 1983வரை பந்தயத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. மீண்டும் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்து, எண்பதுகளோடு நின்றுபோனது. ஏறக்குறைய அதே சமயத்தில் மோஹாவியின் பாலைவன ஆமை அழிவு அபாயப் பட்டியலுக்கு வந்துவிட்டது (1990). நிலத்தடி வளையில் வாழ்ந்து, மெதுவாக நகரும் ஒரு பிராணிக்கும், திசை மாறி ஓடும் வண்டிக்கும் ஒரே வெளியில் இடமில்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் நகரத்தருகே இன்னொரு உதாரணம், அளவில் சிறியது. குட்டையான, வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு பாப்பிச் செடி, உலகில் அந்த ஒரே ஒரு மாவட்டத்தில், ஜிப்சம் நிறைந்த மண்ணில் மட்டும் வளர்கிறது. இலை நுனி கரடியின் நகம் போலிருப்பதால் 'பேர்க்லா பாப்பி'. 1979இலேயே அழியும் உயிரினமாக அறிவித்தார்கள். சாலையை விட்டு ஓடும் வண்டிகள் அதன் முக்கிய அச்சுறுத்தல்களில் ஒன்று. அந்த ஜிப்சம் குன்றுகள் பார்வைக்கு மொட்டையாக, பயனற்றதாக, ஏறிப் பார்க்கத் தூண்டுவதாக இருக்கும். ஊரில் அதே பெயரில் புகழ்பெற்ற மலைச் சைக்கிள் பாதையும் உண்டு. பாதையில் போனால் செடிக்கு ஆபத்து சிறிது. குன்றின்மேல் ஏறி வேடிக்கை காட்டினால்தான் ஆபத்து. அது எந்த வண்டியாக இருந்தாலும்.

சேதம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருப்பது இங்கே தெரிகிறது. பாதைக்குள் விழும் குழியும் வூப்ஸும் முதன்மையாகப் பகிர்வுப் பிரச்சினை: நீ ஓட்டியபின் நான் ஓட்ட முடியவில்லை. பாதைக்கு வெளியே விழும் முதல் தடம் நிலத்தின் பிரச்சினை. கூட்டங்களில் சைக்கிள்காரர்கள் முதலாவதைச் சொல்ல வந்து இரண்டாவதன் மொழியில் பேசுவதைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அது உடனே புரிந்துவிடும், கோபமும் வந்துவிடும்.

அவர்கள் கையில் நல்ல எதிர்வாதங்களும் உண்டு. மொன்டானாவிலேயே 1994இல் வெளியான இன்னொரு ஆய்வில், பாதையிலிருந்து மண் பெயர்த்து எடுப்பதில் குதிரைதான் முன்னால் நின்றது, சக்கர வண்டிகள் பின்தங்கின. மலைப்பாதையில் நடந்த ஆய்வு என்பதால் அதை அப்படியே பாலை மணலுக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும் மோட்டாரைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்பதற்கு அது போதும். தென்மேற்கில் உயிர்ப்படலத்தை மிகப் பரந்த அளவில் அழித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மேய்ந்த கால்நடைகள்தான். தவிர, இன்று சைக்கிள்காரர்கள் விரும்பி ஓட்டும் பாலை ஒற்றையடிப் பாதைகள் பலவற்றை முதலில் ஓட்டித் திறந்தவர்கள் டர்ட் பைக்காரர்களே. ஸ்லிக்ராக் ஒன்று. மோவாபின் வடக்கே சாவரின் பாதைகளை இன்றும் இரு தரப்பும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

யார் எங்கே போகலாம்

சட்டம் இந்தச் சண்டையை 1972இலேயே எதிர்பார்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் நிக்ஸன் பிறப்பித்த 11644ஆம் ஆணை, பொது நிலங்களில் சாலைவிட்டு ஓடும் வண்டிகளுக்கு எங்கே இடம், எங்கே இல்லை என்று பிரிக்கச் சொன்னது. பிரிக்கும்போது மண், நீர்வடி நிலம், தாவரம், வனவிலங்கு ஆகியவற்றுக்கான சேதத்தைக் குறைக்க வேண்டும். நிலத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களோடு மோதலையும் குறைக்க வேண்டும். மோதல் என்பதையே ஒரு அளவுகோலாக எழுதிவைத்தது எனக்கு இன்றும் வியப்புத்தான். 1977இல் அதிபர் கார்ட்டர் இன்னொரு ஆணையால் அதை இறுக்கினார்: கணிசமான சேதம் நடக்கிறது என்று தெரிந்தால் அதிகாரிகள் அந்த இடத்தை உடனே மூட வேண்டும்.

பி.எல்.எம். நிலத்துக்குப் போகும் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று வகைகள். 'திறந்த' பகுதியில் மோட்டார் வண்டி எங்கும் ஓடலாம். 'வரையறுத்த' பகுதியில் குறித்த பாதைகளில் மட்டும், சில இடங்களில் குறித்த பருவத்தில் மட்டும். 'மூடிய' பகுதியில் மோட்டாருக்கே இடமில்லை. நடைமுறையில் நடுவில் உள்ளதுதான் தலைவலி. வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடு, தரையில் பத்துத் தடங்கள். அனுமதித்தது எது என்று வெயிலில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? மோவாபின் லாபிரிந்த் ரிம்ஸ், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் 2023இல் பி.எல்.எம். 317 மைல் தடங்களை மோட்டாருக்கு மூடியபோது எழுந்த கூச்சல், இந்தக் கோடுகளுக்குப் பின்னால் எவ்வளவு உணர்ச்சி இருக்கிறது என்பதைக் காட்டியது.

பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாலையில் ஓடாத பொழுதுபோக்கு வண்டிகள் எரிக்கும் எரிபொருளுக்கான மத்திய வரியிலிருந்து ஒரு பங்கு, பொழுதுபோக்குப் பாதைகள் திட்டம் என்ற பெயரில் மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. அதில் 30 சதவீதம் மோட்டார் பாதைகளுக்கு, 30 சதவீதம் மோட்டார் இல்லாத பாதைகளுக்கு, மீதி 40 சதவீதம் இரு தரப்பும் பகிரும் பாதைகள் போன்றவற்றுக்கு. சுருக்கமாக, டர்ட் பைக்காரர் பம்பில் கட்டும் வரியில் சைக்கிள் பாதையும் உருவாகிறது. கூட்டத்தில் சூடு ஏறும்போது இதை நினைவூட்ட யாராவது ஒருவர் எழுந்து நிற்பது வழக்கம்.

பாதையைக் காப்பாற்றும் வேலை

பெரும்பாலான தீர்வுகள் தடை போடுவதில் இல்லை, மண்வெட்டியில் இருக்கின்றன. பாதை சரிவின் நேர்கோட்டில் இறங்காமல் சரிவைக் குறுக்காகத் தழுவிப் போக வேண்டும். பாதையின் சாய்வு, அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் குறுக்கே வழியாமல் பாதையோடு ஓடும். 1988இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் பரப்பிய விதிகளில் இது ஒன்று. இடையிடையே சிறு மேடுகள் வைத்துத் தண்ணீரை வெளியேற்றுவதும் அதே பாடத்தின் பகுதி. மோட்டார் வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், ஆனால் ஏற்றங்களை இன்னும் மென்மையாக்க வேண்டும், சக்கரம் சுழலும் இடங்களில் தட்டைக் கற்களைப் பதிக்க வேண்டும். பாறை இருக்கும் இடமாகப் பார்த்துப் பாதையைப் பாறைமேல் கொண்டுபோவது இன்னும் நல்லது. ஸ்லிக்ராக் தாங்குவதன் ரகசியம் அதுவே.

வேகத்தைக் குறைப்பது அடுத்த தந்திரம். வூப்ஸுக்கு வேகம் வேண்டும். நீண்ட நேர்கோடு இல்லாமல், கல்லும் இறுக்கமான வளைவுமாகப் பாதையை நெளியவிட்டால் அலை கட்டுவதற்கு வாய்ப்பு குறைகிறது; எதிரெதிரே வருபவர்கள் மோதும் ஆபத்தும் குறைகிறது. உருவான வூப்ஸைச் சிறு இயந்திரங்களால் சமன் செய்யலாம். ஆனால் மழைக்குப்பின் ஈரம் இருக்கும் சில நாட்களில் செய்தால்தான் மண் பிடிக்கும், காய்ந்தபின் செய்தால் மாவை வாரிக் கொட்டியதுபோலத் தளர்ந்து கிடக்கும். ஓட்டுவதற்கும் இதே விதிதான். மணற்பாங்கான பாதை லேசான ஈரத்தில் உறுதியாக இருக்கும். மான்கோஸ் ஷேல் போன்ற களிமண் பாதையோ நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வரும். அன்று யார் ஓட்டினாலும் அந்தத் தடம் காய்ந்து கல்லாகி மாதக்கணக்கில் நிற்கும்.

தேவையற்ற தடங்களை மறைக்க ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. செத்த புதர்க் கிளைகளைத் தடத்தின் தொடக்கத்தில் நட்டு வைப்பார்கள், செடி முளைத்து நிற்பது போல. கொஞ்சம் கல்லையும் சிதறவிடுவார்கள். கண்ணுக்குப் பாதை தெரிவது முதல் ஐம்பது மீட்டரில் மறைந்தால் போதும், பெரும்பாலானோர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நட்ட கிளைகள் விதைகளையும் பறந்து வரும் மண்ணையும் பிடித்து வைக்கும், நிழலும் தரும். அறிவிப்புப் பலகை செய்யாததை இந்தக் குச்சிகள் செய்கின்றன.

பிரித்து விடுவது கடைசி வழி. மோவாபின் கேப்டன் ஏஹாப், அரிசோனாவின் பிளாக் கேன்யன் பாதை போன்றவை மோட்டாருக்கு அனுமதி இல்லாதவை. பாதை அதிகமாகவும் நிலம் பரந்தும் இருக்கும் இடங்களில் இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஒரு தரப்பை ஒரு பாதையிலிருந்து நீக்கினால் அவர்கள் அடுத்த பாதையில் கூடுவார்கள், அங்கே நெரிசல் இரட்டிக்கும். மோட்டார் ஒற்றையடிப் பாதை போதுமான அளவு இருக்கும் வட்டாரங்களில்தான் மூடிய பாதைகளுக்கு மதிப்பும் கிடைக்கிறது. இதைச் சைக்கிள்காரர்களே முன்வந்து கேட்க வேண்டும் என்பது என் கருத்து. மோட்டார்காரர்களுக்கு நல்ல பாதை கிடைப்பது சைக்கிள் பாதைக்கு நல்ல வேலி.

மின்சாரம் வந்தபின்

இந்தக் கணக்கெல்லாம் எஞ்சின் ஒலி எழுப்பும் காலத்தில் போட்டது. மின்சைக்கிள் வந்தபின் எல்லை மங்கிவிட்டது. அமெரிக்காவில் மின்சைக்கிளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள், மோட்டார் 750 வாட்டைத் தாண்டக் கூடாது. முதல் வகுப்பில் மிதித்தால்தான் மோட்டார் உதவும், மணிக்கு 20 மைல் வேகத்தில் உதவி நின்றுவிடும். 2019இல், பி.எல்.எம். அடங்கிய அமெரிக்க உள்துறை அமைச்சகம் இவற்றைச் சைக்கிள்போல நடத்தலாம் என்று வழி திறந்தது, 2020இல் பி.எல்.எம். விதி வந்தது, எந்தப் பாதையில் அனுமதி என்பதை அந்தந்த அலுவலகம் முடிவு செய்யும். பின்சக்கரக் கணக்கில் பார்த்தால் முதல் வகுப்பு வண்டி டர்ட் பைக்கைவிடச் சைக்கிளுக்கே நெருக்கம்.

அதன் பக்கத்தில் இன்னொன்று நிற்கிறது. மெல்லிய சட்டம், சைக்கிள் மாதிரி கைப்பிடி, சத்தமே இல்லை. பெடல் இருக்காது, பல கிலோவாட் மோட்டாரும் கைமுறுக்கும் இருக்கும். சட்டப்படி அது மோட்டார் சைக்கிள். தூரத்திலிருந்து பார்க்கும் அதிகாரிக்கும், பலகையில் குறுக்குக் கோடு போட்ட மோட்டார் சைக்கிள் படத்தைப் பார்த்த பதினைந்து வயதுப் பையனுக்கும் அது சைக்கிள். மூடிய பாதைகளின் ஏற்றங்களில் இப்போது புதிதாகக் குழி விழுந்தால், ஒலி கேட்டு யாரும் எச்சரிக்க வாய்ப்பில்லை. குழியின் வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் தோண்டியிருந்தால் அங்கே சுழன்றது மோட்டார்.